போகியன்று எரித்த கொடி

இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து, "டீச்சர், நீங்கதானே அந்தக் கொடி விஷயத்துல..." என்று இழுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமாம், நான்தான். நான்தான் கொடியை எரித்தேன். நைந்துபோன தேசியக் கொடியை எரிக்கத்தான் வேண்டும், அதுதான் முறை, அதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் எரித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இதைச் சொல்லி இதுவரை ஒருத்தரையாவது நம்பவைக்க முடிந்ததா என்று கேட்டால், இல்லை. முடியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. பட்டாபிராமுக்கும் நெமிலிச்சேரிக்கும் நடுவில், வயலில் மண்ணடித்து மேடாக்கிப் போட்ட ஒரு காலனியில் நானும் என் தம்பியும் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். தம்பி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். இன்றைக்கு வா என்றால் போக வேண்டும், நாளைக்கு வராதே என்றால் வீட்டில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட வேலை.

காலனி சங்கத்துக்கு நான் செயலாளர். பெருமைக்காகச் சொல்லவில்லை. மற்ற எல்லாரும் "எனக்கு டைம் இல்லீங்க" என்று நழுவிய பிறகு மிச்சம் நின்றவள் நான், அவ்வளவுதான். செயலாளர் என்றால் என்ன வேலை? தெருவிளக்குக்கு மனு எழுதுவது, சாக்கடைக்கு மனு எழுதுவது, அப்புறம் சங்கத்தின் கொடியை என் வீட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பது. ஆகஸ்டில் ஒரு நாள், ஜனவரியில் ஒரு நாள் எடுப்போம். அந்தக் காலத்தில் நம்மைப் போன்றவர்கள் நினைத்த நாளெல்லாம் கொடி ஏற்ற முடியாது. அதற்கென்று சில நாட்கள்தான்.

அந்த வருஷம் ஆகஸ்டில் கொடியை இறக்கி மடிக்கும்போது பார்த்தேன். பச்சைப் பக்கம் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து தொங்குகிறது. காவி வெளிறிப்போய்விட்டது. நடுவில் ஒரு இடத்தில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். இதை இனிமேல் ஏற்றுவது கொடிக்கு மரியாதை இல்லை. கதர்க்கடையில் புதுக்கொடி வாங்கியாகிவிட்டது. பழசை என்ன செய்வது என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

சங்கத் தலைவர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதிலும் பட்டுக்கொள்ளமாட்டார். "ஏரியில விட்டுடலாமே டீச்சர், பிள்ளையாரை விடறா மாதிரி" என்றார். இன்னொருவர், "தண்ணித் தொட்டி மூடிய சுத்திக் கட்டலாம். துணி கெட்டியா இருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கொடியைத் தொட்டிக்குக் கட்டுவதாம்! மூன்றாமவர், "மடிச்சு பீரோல வெச்சுடுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். "யார் வீட்டு பீரோல சார்?" என்று கேட்டேன். அவர் உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கத்திலிருந்து வந்த ஒரு சின்னப் புத்தகம் என்னிடம் இருந்தது. கொடியை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது, எங்கே கட்டக் கூடாது எல்லாம் அதில் இருந்தது. சேதமான கொடியைக் குப்பையில் போடக் கூடாது, வேறு எதற்கும் உபயோகிக்கக் கூடாது, தனிமையில், மரியாதையோடு, முழுதாக அழித்துவிட வேண்டும், எரிப்பது உத்தமம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதைச் சொன்னேன். "எரிக்கணும் சார்."

தலைவர் வாசல் பக்கம் திரும்பி யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீச்சர், இது நீங்க சொன்னதா இருக்கட்டும். நாங்க கேட்டதா இருக்க வேணாம்" என்றார். கூட்டம் முடிந்தது. பழைய கொடி மறுபடியும் என் டிரங்குப் பெட்டிக்கே வந்தது.

அப்படியே கிடந்திருக்கும். ஆனால் அந்த மார்கழியில்தான் தம்பிக்கு அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. ஆவடியில் இருக்கும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்கு எப்போதோ பரீட்சை எழுதி, இன்டர்வியூ போய், நாங்களே மறந்துபோயிருந்தோம். தேர்வாகியிருக்கிறான் என்று கடிதம் வந்தது. மாதாவே, அன்றைக்கு நான் அழுத அழுகை! ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு கொக்கி. போலீஸ் விசாரணை முடிந்து நன்னடத்தை அறிக்கை போன பிறகுதான் வேலைக்கு ஆர்டர் வரும்.

எங்கள் பக்கத்தில் இந்தப் போலீஸ் விசாரணை என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு போலீஸ்காரர் தெருவுக்கு வருவார். அக்கம்பக்கத்தில், "பையன் எப்படி? வம்பு தும்பு உண்டா?" என்று கேட்பார். எல்லாரும் நல்லபடியாகச் சொன்னால் ஆர்டர். எவனாவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டால், ஃபைல் போய் எங்கேயோ படுத்துக்கொள்ளும். நாம் கிழவியாகும்வரை எழுந்திருக்காது.

தம்பிக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானையும் போலீஸ் கண்ணால் பார்க்க ஆரம்பித்தான். டிரங்குப் பெட்டியைத் திறந்து கொடியைப் பார்த்ததும் அலறினான். "அக்கா, போலீஸ்காரன் உள்ள வந்து இதைப் பாத்தான்னா? கொடியைக் கிழிச்சு வெச்சிருக்காங்கன்னு எழுதிட்டான்னா? முதல்ல இதை ஊட்ட வுட்டு அனுப்புக்கா!" இதை அவன்தான் சொன்னான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, எரித்துவிடலாம். எங்கே, எப்போது? எங்கள் வீட்டின் பின்புறம் ஆள் உயர மதில் கிடையாது. முள்வேலிதான். கோடாலியால் விறகு பிளந்தாலே நாலு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். புகை வந்தால் கேட்கவா வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த அதிபுத்திசாலித்தனமான யோசனை தோன்றியது. போகி! போகியன்று விடியற்காலையில் ஊரே புகையும். பழைய பாய், முறம், துடைப்பம், டயர் என்று வாசலுக்கு வாசல் கொளுத்துவார்கள். அந்தப் புகையோடு புகையாக நம்ம புகையும் போய்விடும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

போகியன்று ஐந்து மணிக்கு எழுந்தேன். குளித்தேன். துவைத்த வெள்ளைப் புடவை கட்டினேன். பின்புறம் தென்னை மட்டைகளை அடுக்கி நன்றாக எரியவிட்டேன். மண்ணெண்ணெய் டின்னைக் கையில் எடுத்தேன், அப்புறம் கொடியின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது மரியாதையா என்று ஒரு சந்தேகம் வந்து கீழே வைத்துவிட்டேன். தம்பியைப் பக்கத்தில் வந்து நில் என்றேன். மாட்டேன் என்று உள்ளே போய்விட்டான். கொடியை முறைப்படி மடித்து நெருப்பின் மேல் வைத்தேன். ஓரடி பின்னால் வந்து, குதிகால் சேர்த்து நின்று, சல்யூட் வைத்தேன்.

கெட்டிக் கதர், அதுவும் எட்டாக மடித்தது, எண்ணெய் இல்லாமல் எரியுமா? புகைந்தது. புகைந்துகொண்டே இருந்தது. நானும் சல்யூட் வைத்த கையை இறக்காமல் நின்றுகொண்டே இருந்தேன்.

இதில் நான் யோசிக்காத ஒரு சங்கதி இருந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள். வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலனி உண்டான நாளிலிருந்து எங்கள் வீட்டில் போகிப் புகை வந்ததே கிடையாது. மற்ற வீட்டுப் புகையை எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எங்கள் வீட்டுப் புகையைத்தான் பார்ப்பார்கள். இந்தச் சின்ன விஷயம் ஒரு டீச்சரின் மண்டையில் உறைக்கவில்லை.

முதலில் வந்தது எதிர் வீட்டு அக்கா. அந்த வயல்களெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்தினுடையவை. காலனிக்கு முன்னாலேயே அங்கே இருந்தவர்கள். கையில் ஒரு கிழிந்த முறம், பின்னால் மேளம் தட்டிக்கொண்டு அரை டஜன் பிள்ளைகள். சந்தோஷம் பொங்கத்தான் வந்தார். "இன்னா டீச்சரம்மா, உங்க ஊட்லயுமா போகி? இன்னா அதிசயம்! இந்தா, இத்தையும் போடு" என்று வேலியைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு வந்தவர், நெருப்பைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மடிப்பு ஒன்று பிரிந்து சக்கரம் வெளியே தெரிந்தது.

"ஐயய்யோ, கொடிம்மா! நம்ம கொடி எரியுதும்மா!" என்று கத்தினார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் துணி துவைக்கிற கல் பக்கத்தில் இருந்த குடத்தைத் தூக்கிவந்து அப்படியே நெருப்பில் கவிழ்த்துவிட்டார்.

"ஏன்க்கா தண்ணி ஊத்தினீங்க!"

"பின்ன? நாட்டுக் கொடி எரியுது, பாத்துகினு நிக்கச் சொல்றியா?"

அவர் கண்ணில் தண்ணீர். நிஜமாகவே அழுதார். அவர்மேல் என்ன தப்பு சொல்வது? அவருக்கும் கொடிமேல் மரியாதை, எனக்கும் கொடிமேல் மரியாதை. இரண்டு மரியாதையும் சேர்ந்து கொடியைப் பாதி எரிந்ததாக, சாம்பலும் சேறுமாக என் கொல்லையில் போட்டுவிட்டன. முழுசாக எரிந்திருந்தால் முறை. முறத்தோடு வந்தவர் பாதியில் அணைத்ததால் குற்றமாகிவிட்டது. நான் புத்தகத்தைப் பற்றி, விதியைப் பற்றிச் சொன்னது எதுவும் மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

பொங்கல் பானை பொங்குவதற்குள் செய்தி பொங்கிவிட்டது. பால் பூத்தில் ஒரு கதை, ரேஷன் கடையில் ஒரு கதை. டீச்சர் கோபத்தில் கொளுத்திவிட்டார் என்று ஒன்று. டீச்சருக்கு எங்கிருந்தோ உத்தரவு வந்தது என்று ஒன்று. என்ன உத்தரவு, யாருடைய உத்தரவு, ஒன்றும் கிடையாது. பத்து வருஷமாக என்னிடம் மனு எழுதி வாங்கிக்கொண்டுபோனவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

தம்பி டீக்கடையிலிருந்து திரும்பி வந்து சட்டையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தான். "கொடியைக் கொளுத்தினவங்க ஊட்டுக்கா டிஃபென்ஸ்ல வேலைன்னு கேக்கறாங்கக்கா. என் மூஞ்சிக்கு நேராவே கேக்கறாங்க." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "யாரு உன்னை எரிக்கச் சொன்னது?" என்றான்.

"நீதானேடா வீட்டை விட்டு அனுப்புன்னே!"

"அனுப்புன்னேன். எரின்னு சொன்னேனா?"

அறைந்திருப்பேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் கை வரவில்லை. இருபத்தாறு வயசில் முதல் தடவையாக மாசச் சம்பளம், யூனிபாரம், பென்ஷன் என்று கனவு கண்டவன். அது என்னால் போய்விடும் என்றால் நான் எந்த முகத்தோடு அவனுக்குச் சோறு போடுவேன்?

புத்தகத்தை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். தம்பியும் கூட வந்தான். தலைவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். எனக்கு உயிர் வந்தது.

"கவர்மென்ட் புக்குதான்" என்றார்.

"அப்போ நான் செஞ்சது சரிதானே சார்?"

"சரிதான் டீச்சர். ஆனா இதுல 'தனிமையில்'னு போட்டிருக்கே. நீங்க போகி அன்னிக்கு, ஊரே முழிச்சிருக்கறப்போ..."

அது உண்மை. அந்த ஒரு சொல்லை நான்தான் கோட்டைவிட்டேன். "சரி சார், அது என் தப்பு. ஆனா எரிச்சது தப்பில்லைன்னு நீங்க ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் கேப்பாங்க? வீடு வீடா புக்கைத் தூக்கிட்டுப் போய்ப் படிச்சுக் காட்டவா? போலீஸ்காரர் முதல்ல என்கிட்டதான் வருவார். அதுக்குள்ள எவனாவது எழுதிப் போட்டிருந்தா நான் என்ன சொல்றது? நீங்க ஒரு கடிதம் எழுதிக் குடுத்துடுங்க. அறியாம நடந்துபோச்சு, மன்னிக்கணும்னு. அது என் கையில இருந்தா, தெரியாம பண்ணிட்டாங்க, பாவம்னு சொல்லி முடிச்சுடுவேன். காலனில இருக்கறவங்க வாயையும் நான் மூடிடறேன்."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "தெரியாமலா? சார், இந்தக் காலனியில இதைத் தெரிஞ்சவ நான் ஒருத்தி. தண்ணித் தொட்டிக்குக் கட்டலாம்னு சொன்னவங்க தெரிஞ்சவங்க, நான் தெரியாதவளா?"

"நீங்க படிச்சவங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார். அப்புறம் தம்பியைப் பார்த்தார். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது பேசியிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். பேசாமல் நின்றான் பாருங்கள், அதுதான் என்னை உட்காரவைத்தது.

அவரே வெள்ளைத் தாள் கொடுத்தார். அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். தேசியக் கொடி பற்றிய விதிமுறைகளை அறியாத காரணத்தால் இந்தப் பிழை நேர்ந்துவிட்டது, சங்கத்தார் பெரிய மனது வைத்து மன்னிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டேன். அந்தப் புத்தகம் என் மடியில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஜன்னல் கதவையெல்லாம் சாத்தினேன். மிச்சமிருந்த பாதிக் கொடியை இரும்புச் சட்டியில் வைத்து, இந்தத் தடவை மண்ணெண்ணெய் ஊற்றியே எரித்தேன். யாரும் வரவில்லை. "முடிஞ்சுதா?" என்று முன்னறையிலிருந்து தம்பி கேட்டான். சாம்பலைச் செம்பருத்திச் செடியின் அடியில் புதைத்தேன்.

அடுத்த வாரம் போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். தலைவர் வீட்டில் காபி குடித்தார். "தங்கமான புள்ளங்க, இருக்கற இடம் தெரியாது" என்று எதிர் வீட்டு அக்கா சாட்சி சொன்னார். கொடி என்ற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. ஒரு மொட்டைக் கடுதாசியும் போகவில்லை. எல்லாரும் எங்களை மன்னித்துவிட்டிருந்தார்கள். அது எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். மன்னித்தவர்களை என்ன செய்வது?

ஜனவரி இருபத்தாறு வந்தது. நான் போய்க் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றேன். முன்னால் கம்பத்தடியில் தலைவர் புதுக்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித் திருப்புகிறார், அப்படித் திருப்புகிறார். கொடியைப் பூவோடு மடித்து, கீழேயிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட வேண்டும். அது அங்கே வேறு யாருக்கும் வராது. இரண்டு மூன்று பேர் முயன்று பார்த்தார்கள். கடைசியில் தலைவர் என்னிடமே வந்தார்.

"டீச்சர், வந்து கட்டிக் குடுங்க. உங்களுக்குத்தான் முறை தெரியும்."

"எனக்கு ஒரு முறையும் தெரியாது சார். எழுதியே குடுத்திருக்கேனே."

அவர் முகம் சிவந்துவிட்டது. "அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. அது சும்மா ஒரு பேப்பர்."

"சும்மா பேப்பர்னா திருப்பிக் குடுத்துடுங்க."

"ஆர்டர் வரட்டும் டீச்சர்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆர்டர் ஏப்ரலில் வந்தது. நான் எழுதிக் கொடுத்த கடிதம் கடைசிவரை திரும்பி வரவில்லை.

கூட்டத்தில் நின்ற தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். போ அக்கா என்று தலையை மட்டும் ஆட்டினான். போனேன். காவி மேலே வரும்படி கயிற்றில் கோத்து, மடித்து, நடுவில் பூவை வைத்து, முடிச்சுப் போட்டு, கம்பத்தின் உச்சிக்கு ஏற்றி, கயிற்றைத் தலைவர் கையில் கொடுத்தேன். அவர் இழுத்தார். கொடி உச்சியில் ஒரே உதறலில் விரிந்தது. பூ கொட்டியது, எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் சல்யூட் வைத்து நின்றேன். பக்கத்தில் நின்ற எதிர் வீட்டு அக்கா என் தோளைத் தொட்டு, நிஜமான அன்போடு, காதோரம் சொன்னார்.

"இன்னா அழகா கட்டிகீற டீச்சரம்மா! இவ்ளோ தெரிஞ்ச நீ போயி அன்னிக்கு அப்டி பண்ணலாமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது. கீதம் பாடும்போது பேசக் கூடாது. அசையாமல் நின்றேன்.